ஜே லீக் பருவத்தைக் கணக்கோடு பின்தொடர்வது எப்படி: ஏறுவது யார், இறங்குவது யார்

பருவம் முடியும் தறுவாயில் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக்கின் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து, இந்த கிளப் தப்பித்தது, அந்த கிளப் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. பட்டியலில் தெரிவது புள்ளி மட்டும்தான். அந்த ஆண்டு எத்தனை பேர் இறங்க வேண்டும், டிரா ஆனால் யாருக்கு லாபம், ஏற இடம் பிடித்த கிளப்புக்கு ஏறும் உரிமம் உண்டா என்பதெல்லாம் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. இவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கடைசி ஐந்தாறு வாரங்கள் முழுதாகப் பிடிபடும். ஜப்பானியக் கால்பந்தின் உயிர் அந்த வாரங்களில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஜே1, ஜே2, ஜே3 என்று மேலிருந்து கீழாக மூன்று தட்டுகள். 2024 முதல் ஒவ்வொன்றிலும் 20 கிளப்புகள், மொத்தம் 60. ஒவ்வொரு கிளப்பும் மற்ற 19 கிளப்புகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி ஊரில் ஒருமுறை ஆடும். ஆக 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஜே1-இல் கடைசி மூன்று கிளப்புகள் இறங்கும். ஜே2-இல் முதல் இரண்டு நேராக ஏறும், 3 முதல் 6 வரை வந்தவர்கள், தோற்றால் வெளியேறும் பிளே ஆஃப் ஆடி அதில் ஒருவர் ஏறுவார். ஜே2-க்கும் ஜே3-க்கும் நடுவிலும் இதே கணக்குதான். ஜே3-க்குக் கீழே ஜேஎஃப்எல் என்ற தேசிய லீக் இருக்கிறது. அந்தக் கதவு வேறு மாதிரி திறக்கும், பிறகு வருவோம்.

அந்த ஆண்டின் விதியை எடுத்து வையுங்கள்

பழைய ஆண்டின் விதியை இந்த ஆண்டுக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஜே லீக் தன் விதியை அடிக்கடி மாற்றும். ஜே1-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் கொரோனா காரணமாக யாருமே இறங்கவில்லை. அதனால் 2021-இல் 20 கிளப்புகள் ஆகி, அந்த ஆண்டு நான்கு பேர் இறங்கினார்கள். 2022-இல் 17, 18-ஆம் இடங்கள் நேராக இறங்க, 16-ஆம் இடத்தில் இருந்த கியோட்டோ சங்கா, ஜே2-இலிருந்து வந்த ரோஸ்ஸோ குமமோட்டோவோடு மோதி 1-1 டிரா செய்து தப்பியது. 2023-இல் மறுபடி 20 கிளப்பாக விரிய வேண்டியிருந்ததால் ஒரே ஒரு கிளப், யோகோஹாமா எஃப்சி, இறங்கியது. 2024 முதல் மூன்று. ஐந்து ஆண்டுகளில் ஐந்து விதமான விதி. ஆகவே பருவம் தொடங்கும் முன் லீக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்த ஆண்டுக்கான போட்டி விதிகளைத் திறந்து நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை பேர் இறங்குவார்கள், புள்ளி எப்படித் தரப்படுகிறது, புள்ளி சமமானால் என்ன.

புள்ளி எப்படித் தரப்படுகிறது என்பதையும் எதற்குப் பார்க்க வேண்டும் என்றால், 1999-ஐப் பாருங்கள். அப்போது 90 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. ஆட்டம் சமநிலையில் நின்று, கூடுதல் நேரத்தில் வி-கோல், அதாவது விழுந்தவுடனே ஆட்டத்தை முடித்துவிடும் கோல், அடித்து வென்றால் 2 புள்ளிதான். 1999 நவம்பர் 27, கடைசி நாள். உராவா ரெட் டயமண்ட்ஸ் தன் ஊரின் கொமாபா மைதானத்தில் சான்ஃபிரெச்சே ஹிரோஷிமாவோடு ஆடியது. 90 நிமிடம் முடிந்தபோது 0-0. போட்டியில் இருந்த ஜெஃப் யுனைடெட் வேறு ஊரில் 1-0 என்று வென்றிருந்தது. அந்த நொடியிலேயே உராவாவின் கதை முடிந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் மசஹிரோ ஃபுகுடா கோல் அடித்தார், உராவா வென்றது, 2 புள்ளியும் வந்தது. ஜெஃப்பும் உராவாவும் 28 புள்ளியில் நின்றார்கள். கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலிலிருந்து வாங்கியதைக் கழித்தது) ஒன்றே ஒன்று குறைந்து உராவா ஜே2-க்கு இறங்கியது. உலகிலேயே சோகமான வி-கோல் என்று ஜப்பானில் இன்றும் சொல்கிறார்கள். பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது வெற்றி. விதியைப் படித்தவருக்கு, அந்த கோல் வலைக்குள் போகும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

வி-கோல் எப்போதோ போய்விட்டது, ஆனால் இந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். 2026-இன் முதல் பாதியில் நடக்கும்படி வைத்த சிறப்புத் தொடரில் டிராவே கிடையாது: 90 நிமிடத்தில் வென்றால் 3, பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்றால் 2, அதில் தோற்றால் 1. ஏற்றமும் இறக்கமும் அந்தத் தொடரில் இல்லை. வழக்கமான பருவத்துக்கு எழுதி வைத்த சூத்திரத்தை அதில் போட்டால் எல்லாமே பிசகும்.

புள்ளி சமமானால் வரிசை இப்படி: முதலில் கோல் வித்தியாசம், பிறகு அடித்த மொத்த கோல்கள், அதற்குப் பிறகுதான் இரு கிளப்புகளும் நேருக்கு நேர் ஆடிய கணக்கு. ஸ்பெயின் லீக் பார்த்துப் பழகியவர்கள் நேருக்கு நேர் கணக்கை முதலில் எடுத்துவிடுவார்கள். ஜப்பானில் அது மூன்றாவதுதான்.

உங்கள் கணக்குத் தாள்

கணினியில் ஒரு விரிதாள் போதும். கோடு போட்ட நோட்டும் போதும். நிரல்கள்: கிளப், ஆடியது, புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், மீதி ஆட்டம், அதிகபட்சப் புள்ளி, மீதி எதிரணிகள், உரிமம். அதிகபட்சப் புள்ளி என்பது இப்போதைய புள்ளியோடு மீதி ஆட்டத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டுவது. முதல் ஆட்டத்திலிருந்தே இதை நிரப்ப வேண்டியதில்லை. 25-ஆம் சுற்று தாண்டும் வரை ஜே1-இல் இறக்கக் கணக்கு போடுவது வீண்வேலை. அதுவரை ஆடியது, புள்ளி, கோல் வித்தியாசம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

'ஆடியது' என்ற நிரலை அலட்சியம் செய்யாதீர்கள். ஆசியக் கோப்பைகளில் ஆடும் கிளப்புகளின் லீக் ஆட்டங்களை முன்னோ பின்னோ நகர்த்துவார்கள். புயலும் கனமழையும் வேறு ஆட்டங்களைத் தள்ளிவைக்கும். இதனால் ஒரு கிளப் 30 ஆட்டம், பக்கத்துக் கிளப் 28 ஆட்டம் என்று பட்டியல் சில வாரம் கோணலாக நிற்கும். அப்போது இடத்தைப் பார்க்காதீர்கள், அதிகபட்சப் புள்ளியைப் பாருங்கள்.

கிளப் பெயர்களில் வழுக்கி விழாதீர்கள். யோகோஹாமா எஃப்சி வேறு, யோகோஹாமா எஃப். மரினோஸ் வேறு. எஃப்சி டோக்கியோ வேறு, டோக்கியோ வெர்டி வேறு. ஒசாகாவில் கம்பாவும் செரெசோவும். 2025-இல் ஜே3-இல் தோச்சிகி எஸ்சி, தோச்சிகி சிட்டி என்று ஒரே மாகாணத்தின் இரண்டு கிளப்புகள் ஒரே பட்டியலில் இருந்தன. ஒன்று ஜே2-இலிருந்து விழுந்தது, மற்றது ஜேஎஃப்எல்-இலிருந்து ஏறி வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் தாளில் எழுதினால் வேறு கிளப்பின் புள்ளியை இன்னொன்றுக்கு ஏற்றிவிடுவீர்கள்.

ஜப்பானியப் பட்டியலை நேராகப் படிக்க முயல்பவர்களுக்கு ஆறு சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கச்சிதென் என்றால் புள்ளி. தொகுஷித்தென்ஸா என்றால் கோல் வித்தியாசம். செட்ஸு என்றால் சுற்று. ஷோகாகு ஏற்றம், கோகாகு இறக்கம். இவற்றோடு ஸான்ரியூ: இருந்த தட்டிலேயே தங்கிவிடுவது. கடைசி நாளில் ஸான்ரியூ உறுதியான கிளப்பின் ரசிகர்கள் கோப்பை வென்றவர்களைப் போல அழுவதைப் பார்த்தால், அதற்கென்று ஏன் ஒரு தனிச் சொல் வேண்டியிருந்தது என்று புரியும்.

உறுதியாகிவிட்டதா என்று கண்டுபிடிப்பது

விதி எளிது. ஜே1-இல் 17-ஆம் இடம் வரை பாதுகாப்பு. ஒரு கிளப்பின் அதிகபட்சப் புள்ளியைவிட இப்போதே அதிகம் வைத்திருக்கும் கிளப்புகள் 17 இருந்தால், அந்த கிளப் இறங்கிவிட்டது. மாறாக, ஒரு கிளப்பின் இப்போதைய புள்ளியை எட்டவே முடியாத கிளப்புகள் கீழே மூன்று இருந்தால், அந்த கிளப் தப்பிவிட்டது.

2024-இல் கொன்சதோலே சப்போரோவை எடுத்துப் பார்ப்போம். 36 ஆட்டம் முடிந்தபோது 34 புள்ளி, மீதி இரண்டு ஆட்டம். அதிகபட்சம் 34 + 6 = 40. நவம்பர் 30-ஆம் தேதி காஷிவா ரெய்சோல் தன் 37-ஆவது ஆட்டத்தில் டிரா செய்து 41-ஐத் தொட்டது. மேலே இருந்த 17 கிளப்புகளும் 41 அல்லது அதற்கு மேல். சப்போரோவால் 41-ஐ எட்டவே முடியாது. சப்போரோ தன் 37-ஆவது ஆட்டத்தை ஆட மறுநாள்தான் களம் இறங்க வேண்டியிருந்தது. ஆடாமலேயே ஜே2-க்குப் போய்விட்டது. கடைசி நாளில் அதே காஷிவாவை வென்று 37 புள்ளியில் முடித்தது, எந்தப் பலனும் இல்லை.

அதே வேளையில் ஜூபிலோ இவாட்டாவுக்கு 38 புள்ளி, ஒரு ஆட்டம் மீதி. அதிகபட்சம் 41. இது காஷிவாவுக்குச் சமம், ஆக கணக்கில் உயிர் இருந்தது. ஆனால் கோல் வித்தியாசத்தில் காஷிவா வெகுதூரம் முன்னால். இப்படிப்பட்ட நிலையைத் தாளில் 'உறுதி' என்று எழுதாதீர்கள், 'கோல் கணக்கு மட்டும்' என்று எழுதுங்கள். நல்ல கோல் வித்தியாசம் ஒரு புள்ளிக்குச் சமம் என்று ஜப்பானில் சொல்வது இதனால்தான். இவாட்டா கடைசி நாளில் தோற்றது. 38-லேயே நின்று 18-ஆவதாக இறங்கியது.

எளிய சூத்திரம் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பின்னால் துரத்தி வருபவர்களே ஒருவரோடு ஒருவர் மோதும்போது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இரண்டு சுற்று மீதி. உங்கள் கிளப் 15-ஆம் இடம், 42 புள்ளி. அடுத்து 38, 38, 37 என்று மூன்று கிளப்புகள். கடைசி இருவர் ஏற்கெனவே இறங்கியாயிற்று. நீங்கள் இறங்க வேண்டுமானால் அந்த மூவரும் உங்களைத் தாண்ட வேண்டும். அதிகபட்சம் 44, 44, 43. மூவராலும் முடியும் என்றுதான் சூத்திரம் சொல்லும். ஆனால் 38 வைத்திருக்கும் இருவரும் மீதி இரண்டில் ஒன்றைத் தங்களுக்குள்ளேயே ஆடப் போகிறார்கள் என்றால்? ஒருவர் வென்றால் தோற்றவருக்கு அதிகபட்சம் 41. நீங்கள் தப்பித்தீர்கள். அவர்கள் டிரா செய்தால் இருவருக்கும் அதிகபட்சம் 42. உங்களைத் தாண்ட இருவருக்குமே கோல் வித்தியாசம் கைகொடுக்க வேண்டும். ஆக நீங்கள் மீதி இரண்டையும் தோற்றால்கூட ஏறக்குறையப் பாதுகாப்புதான். 'மீதி எதிரணிகள்' என்ற நிரல் இதற்குத்தான். அதை நிரப்பச் சோம்பல்படாதீர்கள், தாளின் மதிப்பே அதில் இருக்கிறது.

இத்தனை புள்ளி எடுத்தால் தப்பலாம் என்று ஆண்டு தொடக்கத்திலேயே ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். 2021-இலும் 2024-இலும் ஜே1-இல் 20 கிளப்புகள், 38 ஆட்டங்கள். 2021-இல் நான்கு பேர் இறங்கியும் 37 புள்ளி எடுத்த ஷோனன் பெல்மாரே தப்பியது, 36 எடுத்த தொகுஷிமா வோர்டிஸ் இறங்கியது. 2024-இல் மூன்றே பேர் இறங்கியும் 38 போதவில்லை. கீழே இருப்பவர்கள் எவ்வளவு மோசம் என்பதும், நடு இடத்தில் இருப்பவர்கள் அவர்களிடம் எவ்வளவு புள்ளி விடுகிறார்கள் என்பதும்தான் அந்த ஆண்டின் கோட்டைத் தீர்மானிக்கும். கோல் வித்தியாசம்கூட முழுக் கவசம் அல்ல: 2012-இல் கம்பா ஒசாகா லீக்கிலேயே அதிகமாக 67 கோல் அடித்தது, 65 வாங்கியது, கோல் வித்தியாசம் கூட்டலில் இருக்க 17-ஆவதாக இறங்கியது. அடுத்த ஆண்டு ஜே2-ஐ வென்று திரும்பி, 2014-இல் லீக்கோடு இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளையும் தூக்கியது.

ஜே2: டிரா யார் பக்கம்

ஜே1-இன் கோப்பைப் போட்டியைவிட ஜே2-இன் இரண்டாம் இடப் போட்டியைத்தான் கவனித்துப் பார்க்கச் சொல்வோம். இரண்டாம் இடம் வந்தால் நேராக ஜே1. மூன்றாம் இடம் வந்தால் இரண்டு வாழ்வா சாவா ஆட்டங்கள். நடுவே ஒரே ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கலாம்.

2023-இன் கடைசி நாள் இதற்குப் பாடம். மச்சிடா செல்வியா ஏற்கெனவே முதலிடம். இரண்டாம் இடத்துக்கு ஷிமிசு எஸ்-பல்ஸ் 73, ஜூபிலோ இவாட்டா 72, டோக்கியோ வெர்டி 72. மூவரில் ஷிமிசுவுக்குத்தான் கோல் வித்தியாசம் மிக அதிகம். ஆட்டம் தொடங்கும் முன் தாளில் எழுத வேண்டியது மூன்று வரிதான். ஷிமிசு வென்றால் 76, மற்றதெல்லாம் வெட்டி. டிரா செய்தால் 74, மற்ற இருவரில் ஒருவர் வென்றாலே 75, ஷிமிசு கீழே. தோற்றால் 73, மற்ற இருவரும் வெல்லாமல் இருந்தால் மட்டும் கோல் வித்தியாசம் காப்பாற்றும். அதாவது ஷிமிசுவின் பெரிய கோல் வித்தியாசத்துக்கு அந்த டிராவில் வேலையே இல்லை. 74-க்கும் 75-க்கும் நடுவே அது நுழைய முடியாது. நடந்ததும் அதுவே. ஷிமிசு மிட்டோவில் 1-1. இவாட்டா வென்றது, வெர்டி வென்றது, இருவரும் 75. கோல் வித்தியாசத்தில் இவாட்டா இரண்டாவதாக ஏறியது. ஷிமிசு ஒரே மாலையில் இரண்டிலிருந்து நான்குக்குப் போனது.

அடுத்து பிளே ஆஃப். இதன் உள்விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: 90 நிமிடத்தில் டிரா என்றால் கூடுதல் நேரமும் இல்லை, பெனால்டி ஷூட்-அவுட்டும் இல்லை. லீக்கில் மேலே முடித்த கிளப் முன்னேறும். அந்த ஆண்டு அரையிறுதியில் நான்காவது ஷிமிசுவும் ஐந்தாவது மொன்டேடியோ யமகடாவும் 0-0. டிராவின் தயவில் ஷிமிசு இறுதிக்குப் போனது. டிசம்பர் 2, டோக்கியோ தேசிய மைதானம், 53,264 பேர். எதிரே மூன்றாவதாக முடித்த வெர்டி. ஷிமிசு 1-0 என்று முன்னால். 90 நிமிடம் தாண்டி இஞ்சுரி டைமில் வெர்டிக்குப் பெனால்டி. இட்சுகி சொமேனோ அடித்தார், 1-1. டிரா. அரையிறுதியில் ஷிமிசுவைத் தூக்கிவிட்ட அதே விதி இப்போது வெர்டியை 16 ஆண்டுக்குப் பிறகு ஜே1-க்கு ஏற்றியது. மிட்டோவில் இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் ஷிமிசு அந்த மைதானத்துக்கே வர வேண்டியிருந்திருக்காது.

ஆகவே பிளே ஆஃப் பார்க்கும்போது ஸ்கோர் பலகையை வேறு மாதிரி படிக்க வேண்டும். 0-0 என்றால் கீழே முடித்தவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். 70-ஆவது நிமிடத்திலிருந்து அவர் பின்வரிசையைத் திறந்துவிட்டு ஏறி வருவார். மேலே முடித்தவர் பந்தைக் கொடிக்கம்பத்தின் பக்கம் கொண்டுபோய் நேரம் கடத்துவார். 2014-இல் யமகடா ஆறாவது, இவாட்டா நான்காவது. 1-1, இஞ்சுரி டைம், யமகடாவுக்குக் கார்னர் கிக். டிரா ஆனால் வெளியே என்பதால் கோல்கீப்பர் நொரிஹிரோ யமகிஷியும் எதிர்ப்பக்கம் ஓடி வந்தார், தலையால் முட்டினார், கோல். யமகடா இறுதியிலும் வென்று ஜே1-க்கு ஏறியது. இந்த விதி தெரியாதவருக்கு ஒரு கோல்கீப்பர் ஏன் தன் கம்பத்தை விட்டுவிட்டு வந்தார் என்பதே விளங்காது.

டிரா சலுகை இருந்தாலும் மேலே முடித்தவர்தான் வெல்வார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024-இல் மூன்றாவது வி-வாரென் நாகசாகியும் நான்காவது யமகடாவும் சொந்த மைதானத்திலேயே பெரிய தோல்வி கண்டார்கள். ஐந்தாவது ஃபஜியானோ ஒகயாமாவும் ஆறாவது வெகால்டா செண்டாயும் இறுதியில் மோத, ஒகயாமா முதல்முறையாக ஜே1 பார்த்தது. அதே ஆண்டு ஜே3 இறுதியிலோ விதி தன் வேலையைச் செய்தது: மட்சுமோட்டோ யமகா முன்னால் இருக்க, மூன்றாவதாக முடித்த கட்டாலே தோயாமா இஞ்சுரி டைமில் 2-2 ஆக்கி ஏறியது.

உரிமம்: பட்டியலில் தெரியாத கதவு

ஒவ்வொரு தட்டுக்கும் தனி கிளப் உரிமம் உண்டு. மைதானம், நிதி, இளையோர் அணிகள், நிர்வாகம் எல்லாவற்றையும் பார்த்துத் தருவார்கள். மைதானத்துக்கு அடிப்படை அளவு ஜே1-க்கு 15,000 பேர், ஜே2-க்கு 10,000, ஜே3-க்கு 5,000. புது மைதானம் கட்டும் திட்டம் உள்ளவர்களுக்குச் சில தளர்வுகள் கிடைக்கும். நிதியில், மூன்று ஆண்டு தொடர்ந்து நஷ்டம் என்றால் சிக்கல். உரிமம் இல்லாத கிளப் எத்தனை புள்ளி எடுத்தாலும் மேலே போக முடியாது. பருவம் முடியச் சில மாதம் முன்பே முடிவுகள் வெளிவரும். அன்றைக்கே தாளின் கடைசி நிரலை நிரப்பிவிடுங்கள்.

நிரப்பாவிட்டால் என்ன ஆகும்? 2018-இல் மச்சிடா செல்வியா 76 புள்ளியோடு ஜே2-இல் நான்காவது. முதலிடத்துக்கு ஒரே புள்ளி குறைவு. ஜே1 உரிமம் இல்லாததால் பிளே ஆஃப்பில்கூட சேர்க்கவில்லை. இப்படி ஒருவர் விழும்போது ஏழாவதாக வந்தவருக்கு அந்த இடம் போகாது. மேலே இருப்பவர்களில் ஒருவருக்கு ஒரு சுற்று ஓய்வாக மாறும். 2014-இல் ஐந்தாவது கிராவன்ஸ் கிடாக்யூஷுவுக்கு உரிமம் இல்லை, மூன்றாவது ஜெஃப் யுனைடெட் ஆடாமலே இறுதிக்குப் போய், அங்கே யமகடாவிடம் தோற்றது. மச்சிடாவைப் பொறுத்தவரை, உரிமம் பெற்று 2023-இல் ஜே2-ஐ வென்று, 2024-இல் ஜே1-இன் முதல் பருவத்திலேயே மூன்றாவதாக வந்தது.

உரிமத்தின் விளைவு கீழ்த்தட்டுக்கும் பாயும். 2017-இல் ஜே3-இன் சாம்பியன் ப்ளவ்ப்ளிட்ஸ் அகிடா. ஜே2 உரிமம் இல்லை. இரண்டாவது வந்த தோச்சிகி எஸ்சி மட்டும் ஏறியது. ஒருவர்தான் ஏறினார் என்பதால் ஒருவர்தான் இறங்க வேண்டும். ஜே2-இல் 21-ஆவதாக முடித்த ரோஸ்ஸோ குமமோட்டோ தப்பிவிட்டது. அந்த ஆண்டு குமமோட்டோவின் விதியை அறிய ஜே2 பட்டியலோடு ஜே3-இன் உச்சியையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஜே3-இன் அடிவாரத்தில் இது இன்னும் கூர்மை. 20-ஆவதாக வந்தவர் ஜேஎஃப்எல் சாம்பியனோடு இடம் மாற வேண்டும், 19-ஆவது ஜேஎஃப்எல் இரண்டாமவரோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். ஆனால் மேலே வருபவருக்கு ஜே3 உரிமமும், சொந்த மைதானத்தில் சராசரி 2,000 பார்வையாளர்களும் வேண்டும். ஹோண்டா எஃப்சி ஜேஎஃப்எல்-இல் அடிக்கடி சாம்பியன் ஆகும் கம்பெனி அணி. ஜே லீக்கில் சேர அதற்கு விருப்பமே இல்லை. ஜே லீக்கின் வாயிற்காவலன் என்றே அதற்குப் பெயர். 2023-இல் ஜேஎஃப்எல்-இன் முதல் இருவருக்குமே உரிமம் இல்லாததால், ஜே3-இல் கடைசியாக வந்த கிடாக்யூஷு அப்படியே தங்கியது. 2024-இல் இரண்டு கதவும் திறந்தன: தோச்சிகி சிட்டி நேராக ஏற, இவாதே குருல்லா மொரியோகா இறங்கியது. கோச்சி யுனைடெட், ஒய்.எஸ்.சி.சி. யோகோஹாமாவை வென்று ஏறியது.

கடைசி நாள்

கடைசிச் சுற்றில் ஒரு தட்டின் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஜப்பான் நேரம் இந்தியாவையும் இலங்கையையும்விட மூன்றரை மணி முன்னால்: பிற்பகல் 2 மணி ஆட்டம் நமக்குக் காலை 10.30, இரவு 7 மணி ஆட்டம் மாலை 3.30. சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு மணி குறைத்தால் போதும். ஜப்பானில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் இந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் மாறாது.

எல்லா ஆட்டத்தையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். முதல் நாள் இரவே ஒவ்வொரு கோட்டிலும் இன்னும் முடிவாகாத கிளப்புகளை எடுத்து, ஷிமிசுவுக்குச் செய்தது போல வெற்றி, டிரா, தோல்வி என்று மூன்று வரி எழுதுங்கள். 'வென்றால் போதும்' என்று முதல் வரியில் வரும் கிளப்பின் ஆட்டத்தைப் பெரிய திரையில் வையுங்கள். மற்றவற்றுக்கு லீக்கின் நேரலை ஸ்கோர் பக்கம் போதும். 60-ஆவது நிமிடம் வரை மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிகப் பட்டியலை நம்பி முடிவு எழுத வேண்டாம். இஞ்சுரி டைம் மைதானத்துக்கு மைதானம் மாறும். ஒரு இடத்தில் விசில் ஊதிய பிறகும் இன்னோர் இடத்தில் ஆறேழு நிமிடம் ஓடலாம்.

2025-இல் ஜே2 இதை மறுபடி காட்டியது. கடைசி நாள் தொடங்கும்போது நாகசாகி 69, மிட்டோ ஹோலிஹாக் 67, ஜெஃப் யுனைடெட் சிபா 66. நாகசாகி டிரா, மிட்டோ வெற்றி. இருவரும் 70, கோல் வித்தியாசத்தில் மிட்டோ சாம்பியன். ஜே1-க்கே போயிராத கிளப் கோப்பையோடு ஏறியது. 69-இல் மூன்றாவதான சிபா, பிளே ஆஃப் அரையிறுதியில் ஒமியாவிடம் 0-3 என்று பின்தங்கி 4-3 என்று வென்று, இறுதியில் தொகுஷிமாவை 1-0 வென்றது. 2009-க்குப் பிறகு முதல்முறையாக ஜே1.

ஆட்டம் முடிந்ததும் ஒளிபரப்பை அணைத்துவிடாதீர்கள். சொந்த ஊரின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வீரர்களும் பயிற்சியாளரும் கிளப் தலைவரும் மைதானத்தில் வரிசையாக நின்று ஒலிவாங்கியில் பேசுவார்கள். இறங்கிய கிளப் என்றால் தலைவர் பேசும்போது கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள். அவர் அதை நின்று கேட்டுவிட்டு, நெடுநேரம் குனிந்து வணங்குவார். பிறகு அணி மைதானத்தைச் சுற்றி வரும்; ஒவ்வொரு பகுதிக்கு முன்னும் நின்று வணங்கும். எவ்வளவு கணக்குப் போட்டாலும் இறக்கம் என்றால் என்ன என்று அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

புதிய நாட்காட்டிக்குத் தாளை மாற்றுவது

பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்த பழைய முறை 2025-ஓடு நின்றது. 2026-27 பருவம் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு கோடைத் தொடக்கத்தில் முடியும் வகையில் அமைத்திருக்கிறார்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை குளிர்கால இடைவேளை. ஐரோப்பாவோடும் ஆசியக் கோப்பைகளோடும் காலத்தை ஒத்துப்போகச் செய்வதுதான் நோக்கம். உங்கள் தாளில் இரண்டு மாற்றம் தேவை. ஒன்று, முன்பு கோடையில் ஐரோப்பிய கிளப்புகள் நல்ல ஆட்டக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஜப்பானில் பருவத்தின் பாதி தாண்டியிருந்தது. அந்த உடைவு இனி பெரும்பாலும் பருவத்துக்கு முன்பே நடக்கும், ஜனவரிக் கதவு இடைவேளைக்குள் வரும். ஆகவே இடைவேளைக்கு முந்தைய புள்ளியையும் பிந்தைய புள்ளியையும் தனித் தனி நிரலில் வையுங்கள். இரண்டு, சப்போரோ, அகிடா, நீகாட்டா போன்ற பனி கொட்டும் ஊர்களின் சொந்த மைதான ஆட்டங்கள் எந்த மாதங்களில் குவிந்திருக்கின்றன என்று அட்டவணை வந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூரிலேயே பல வாரம் ஆடிவிட்டு வந்த கிளப், பட்டியலில் தெரிவதைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.